வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமோ

1

மொழிபெயர்ப்பாளராக வர விரும்புகிறவர்களுக்கு இங்கே ஒரு வகுப்பு நடக்கிறது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். வியட்நாம்காரர், ஈரானியர், சோமாலியர், எங்கட பிள்ளைகள் நாலைந்து பேர். போன கிழமை அங்கே பேசப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய சட்டங்களைச் சொல்லிக்கொண்டு வந்து உறுப்புத் தானத்துக்கு வந்தேன். இறந்தவரின் உறுப்பை எடுக்குமுன் அவருடைய ஆட்கள் மறுக்க இடம் வைத்திருப்பது ஏன், இறந்துவிட்டார் என்று உறுதி சொல்லும் டொக்டரே அந்த உறுப்பை எடுத்து இன்னொருவருக்கு வைக்கக் கூடாது என்பது ஏன், உயிரோடு இருப்பவர் கொடுப்பதானால் அவருக்கு என்னென்ன விளங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன்.

சாவகச்சேரிப் பக்கத்து இளைஞன் ஒருவன் கையை உயர்த்தினான். நோர்வீஜிய மொழியில் தொடங்கித் தமிழுக்கு மாறினான்.

“செத்த ஆளுக்குச் சட்டம் வேணும், அது விளங்குது அக்கா. அவர் எழும்பி வந்து சொல்ல மாட்டார். தங்கச்சி தமையனுக்குக் குடுக்கிறதுக்கு என்னத்துக்குச் சட்டம்? வீட்டு விசயத்துக்குள்ள அரசாங்கம் ஏன் வருது?”

நேரம் முடிந்துகொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஒரு பதிலைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவனுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. எனக்கும் போதவில்லை. திரும்பி வரும்போது ட்ராமில் இருந்து யோசித்தேன். ஊரில் இருக்கிற நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள். இதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்தது ஒரு தமையனும் ஒரு தங்கச்சியும்தான். மொழிபெயர்ப்பாளர் அறைக்குள் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. ஆனால் இந்த இருவரும், அவர்களுக்காக இருந்த டொக்டரும், எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

நான் அனலைதீவு. எண்பத்தாறில் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கணவரிடம் இங்கே வந்தேன். அவர் அப்போது ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். இப்போது அதே குசினியில் சமைக்கிறார். நான் முதலில் அலுவலகங்கள் துப்புரவாக்கினேன். நிலம் கூட்டிக்கொண்டே பாடத்தைச் சொல்லிப் பார்த்து மொழியைப் படித்து, இரண்டு வருடத்தில் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தேன்.

இந்த மொழியில் எல்லாருக்கும் ஒரே முன்னிலைதான். அரசரைத் தவிர மற்ற எல்லாரும் “து”. டொக்டரும் து, நோயாளியும் து, பிச்சைக்காரரும் து. என் மகள் இந்தப் பழக்கத்தில், ஊரில் இருந்து வந்த பெரியப்பாவைத் தொலைபேசியில் “நீ எப்ப வந்தனீ?” என்று கேட்க, அவர் எங்களோடு ஒரு மாதம் கதைக்காமல் விட்டார். அவளுக்கு இன்றைக்கும் அதில் என்ன பிழை என்று தெரியாது. நாங்கள் விளக்கினால், “அப்ப தமிழில ஒராளோட கதைக்க முதல் அவர் ஆரெண்டு விசாரிக்கோணுமோ?” என்கிறாள். ஓம், விசாரிக்கத்தான் வேணும். என் தொழிலில் பெரிய கஷ்டமே அதுதான். ஒவ்வொரு “து”வையும் நீயாக்குவதா, நீராக்குவதா, நீங்களாக்குவதா என்று மூச்சு விடுவதற்குள் தீர்மானிக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய தீர்மானம் என்று தொண்ணூறாம் ஆண்டு வரைக்கும் எனக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

3

யோகன் புங்குடுதீவு மடத்துவெளி ஆள். தகப்பனுக்குத் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு யோகனும் அங்கே போய்விட்டார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தவர், இரண்டு வருடம் தோட்டம் செய்து பார்த்துவிட்டு நோர்வேக்கு வந்தார். வடக்கே, குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஒரு ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே இரத்த அழுத்தம் கூடி, அதைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. ஒஸ்லோவுக்கு வந்து கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு படுக்க வேண்டிய நிலை. என் கணவரோடு நல்ல சிநேகிதம். அவருடைய மனைவி வசந்தி எனக்குச் சொந்தத் தங்கச்சி மாதிரி.

இரத்த உறவில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தாய்க்கு வயது போய்விட்டது. மூத்த அக்கா சலரோகக்காரி, இரத்தத்தில் சீனி கூட. மிஞ்சியது கடைசித் தங்கச்சி புவனா. இருபத்தாறு வயது, கலியாணம் கட்டவில்லை, மடத்துவெளியில் தாயோடு இருந்தாள். வீட்டில் அவளிடம் யாரும் கேட்டதாக ஒருவருக்கும் நினைவில்லை. “நீ போகவேணும்” என்று தாய் சொன்னா, அவள் உடுப்பு அடுக்கினாள். இந்திய இராணுவம் போய், அடுத்த சண்டை தொடங்காமல் இருந்த அந்தச் சில மாத இடைவெளியில் கொழும்புக்கு வந்து விமானம் ஏறினாள்.

இரத்தம், இழையம் எல்லாம் சோதித்தார்கள். நன்றாகப் பொருந்தியது. வசந்தி எல்லா வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, “பொருத்தம் பார்த்தாச்சு, பத்துக்கு எட்டு” என்று சாதகம் பார்த்த மாதிரிப் பகிடியாகச் சொன்னாள். கேட்டவர்கள் சந்தோசப்பட்டார்கள். புவனா அந்த வீட்டுக் குசினியில் நின்று, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு சந்திப்பு மிச்சம் இருந்தது. கொடுக்கிறவரை, யோகனின் வைத்தியத்தோடு சம்பந்தம் இல்லாத ஒரு டொக்டர், வீட்டு ஆட்கள் ஒருவரும் இல்லாமல் தனியக் கண்டு பேச வேண்டும். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். தெரிந்த குடும்பம் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். அந்த நாட்களில் ஒஸ்லோவில் தமிழுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேறு ஒருவரும் இல்லை. புவனாவுக்குச் சம்மதமென்றால் நானே வரலாம் என்றார்கள். வசந்தி வாசல்வரை வந்து, “சும்மா ஒரு சடங்குதானே அக்கா, கெதியா முடிச்சுக்கொண்டு வாங்கோ” என்றாள்.

4

அந்த டொக்டர் ஐம்பது தாண்டிய பெண். நெட்டை, வெள்ளைக் கோட்டு போடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த கதிரையை இழுத்து வந்து புவனாவுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தா. தான் யோகனைப் பார்த்ததே இல்லை என்றும், தன் வேலை புவனாவைப் பற்றியது மட்டும்தான் என்றும் முதலில் சொன்னா. பிறகு கேள்விகள்.

நான் “நீர்” என்று தொடங்கினேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், அறிமுகமானவள். வேறு எப்படித் தொடங்குவது? உம்முடைய விருப்பத்தில்தான் வந்தனீரோ என்று கேட்டேன். ஓம் என்றாள். ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம், ஆனால் எந்தச் சத்திரசிகிச்சையிலும் ஆபத்து இருக்கிறது, அது விளங்குதோ? ஓம். விலாப் பக்கத்தில் பெரிய வெட்டு வரும், தழும்பு நிற்கும். ஓம். அண்ணைக்குக் குடுக்க விரும்புறீரோ? ஓம்.

நான் ஒவ்வொரு தரமும் “யா” என்று மொழிபெயர்த்தேன். நாலாவதோ ஐந்தாவதோ “யா”வில் எனக்கு நாக்கு தடக்கியது. எங்கட ஊரில் பெரியவர்கள் கதைக்கும்போது இளையவர்கள் இடைக்கிடை ஓம் போடுவோம். அதற்கு, காது திறந்திருக்கிறது என்பதுதான் பொருள். அவள் போட்டது அந்த ஓமோ மற்ற ஓமோ எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இவர் சொல்லும் சொல்லுக்கு ‘ஆம்’ என்றும் பொருள், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றும் பொருள், எதுவென்று என்னால் உறுதியாகச் சொல்ல ஏலாது என்று டொக்டரிடம் சொன்னேன். அவ பேனையை மூடி வைத்தா. “அப்படியானால் அந்தச் சொல்லால் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்போம்” என்றா.

அவ அடுத்துக் கேட்டது, ஆஸ்பத்திரி என்றதும் என்ன நினைவு வருகிறது என்று. அதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தபோது, “நீர்” என்று தொடங்கினால் அது ஒரு அக்கா கேட்கிற கேள்வியாகவே இருக்கும் என்று எனக்குப் பட்டது. டொக்டரின் “து”வில் அப்படி மேல் கீழ் இல்லை. நான் மாற்றினேன்.

“ஆஸ்பத்திரி எண்டால் உங்களுக்கு என்ன நினைவு வருது?”

புவனா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்ததில் இருந்து அவளை ஒருவரும் நீங்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“சின்னக்கா” என்றாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில், இரண்டாவது அக்காவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. மருந்து, கசாயம் என்று பிந்திவிட்டது. வான் பிடித்து யாழ்ப்பாணம் கொண்டுபோனபோது உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். தகப்பனும் யோகனும் தெற்கில் கடையில். மூத்த அக்கா கலியாணம் கட்டி வேறு ஊரில். தாயோடு போனது புவனாதான். சின்னக்கா பயந்து அழ, மயக்க மருந்து கொடுத்து நித்திரையாக்குவினம், எழும்ப எல்லாம் முடிஞ்சிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். புவனாவும் சொன்னாள். சின்னக்கா எழும்பவில்லை. அதே வான் வண்டியில், பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, தாயும் அவளும் திரும்பி வந்தார்கள்.

“எனக்கு வெட்டுக்குப் பயம் இல்லை. நித்திரையாக்குவினம் எண்டு சொல்லுறதுக்குத்தான் பயம்” என்றாள். பிறகு அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமோ?”

ஏலுமோ என்றால் அனுமதி உண்டோ என்றும் வரும், என்னால் முடியுமோ என்றும் வரும். நல்ல காலம், அதற்கு நேரான நோர்வீஜியச் சொல்லிலும் இரண்டும் இருக்கிறது.

“ஏலும்” என்றா டொக்டர். “அதைக் கேட்பதற்குத்தான் நான் இருக்கிறேன்.”

“அண்ணைக்கு என்ன சொல்லுவீங்கள்? பொய்யோ?”

“அவருக்குக் கொடுப்பதற்கு நீங்கள் பொருத்தமானவர் இல்லை என்று சொல்லுவேன். விருப்பம் இல்லாத ஆள் பொருத்தமானவர் இல்லை. அது பொய் இல்லை. அதற்கு மேல் யார் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். இவரும் சொல்ல மாட்டார்.” என்னைக் காட்டினா.

“அண்ணை செத்துப் போனால்?”

சாக மாட்டார் என்று டொக்டர் சொல்லவில்லை. மெசின் இருக்கிறது, இறந்தவர்களிடம் இருந்து வரும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிவு செய்திருக்கிறார், ஆனாலும் உறுதி தர முடியாது என்றா. “அப்படி நடந்தால் அவர் தன்னுடைய நோயால் இறந்திருப்பார். உங்களால் இல்லை. இதை நான் உங்களை ஆற்றுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை.”

அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். யோகன் என் வீட்டுக் கதிரையில் இருந்து சாப்பிடுகிற மனிசன்.

புவனா சால்வையை மடித்து மடியில் வைத்தாள்.

“அப்ப எனக்கு ஏலாது” என்றாள்.

5

பொருத்தமில்லை என்று ஆஸ்பத்திரி அறிவித்தது. யோகன் சரி என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. வசந்தி விடவில்லை. எட்டுப் பொருத்தம் இருந்தது எப்படி ஒரே நாளில் இல்லாமல் போனது என்று தாதியிடம் கேட்டாள், யோகனின் டொக்டரிடம் கேட்டாள், கடைசியில் காய்கறிக் கடையில் வைத்து என்னிடம் கேட்டாள்.

“நீங்கள் உள்ளுக்கு இருந்தனீங்கள்தானே. என்ன நடந்தது அக்கா?”

“அறைக்குள்ள நடந்ததை நான் வெளியில சொல்லுறதில்லை, வசந்தி.”

“என்ர மனிசன்ர உயிர். எனக்குமோ?”

“உமக்கும்தான்.”

வெண்டிக்காய்ப் பையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு கதைக்கவில்லை. என் கணவருக்கும் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் யோகனைப் பார்க்கப் போய்விட்டு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் சத்தம் குறைவாக இருந்தது.

அந்த மாதங்களில் எனக்கு இந்தச் சட்டத்தில் கோபம் வந்ததுண்டு. ஒரு பக்கம் சாகக் கிடக்கிற மனிசன். மற்றப் பக்கம் பயம், அதுவும் பதினாலு வருடப் பழைய பயம். சட்டம் போய்ப் பயத்தின் பக்கத்தில் நிற்கிறதே என்று யோசித்தேன். கொஞ்சம் அதட்டியிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். அப்படித்தானே எங்கட வீடுகளில் எல்லாக் காரியமும் நடக்கிறது.

அப்படி யோசிக்கும்போது என் மாமாவின் சாவு நினைவுக்கு வரும். எண்பத்துநாலில், தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் மாரடைப்பால் செத்தார். அங்கே புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் ஒருவர், கண்களைத் தானம் செய்யச் சம்மதமோ என்று எங்கட பெரியப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். பெரியப்பா அவருடைய முகத்தைப் பாராமல், “வள்ளம் வெளிக்கிடப் போகுது” என்றார். அதுதான் பதில். பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். அனலைதீவு இறங்குதுறை வரைக்கும் ஆண்கள் அந்த டொக்டரைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். மாமி வள்ளத்தின் மூலையில் இருந்தா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னா: “நான் அந்த டொக்டருக்குப் பக்கத்திலதான் நிண்டனான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்.”

அந்தக் கண்களை யாருக்காவது வைத்திருக்கலாம். கேட்க வேண்டியவரைக் கேட்காததால் நெருப்புக்குப் போயின. புவனா விசயத்தில் கேட்காமல் எடுத்திருப்பார்கள், மாமி விசயத்தில் கேட்காமல் விட்டார்கள். பிழை ஒன்றுதான். இது எனக்கு ஒரு நாளில் விளங்கவில்லை.

6

புவனா திரும்பிப் போக இருந்த மாதத்தில் ஊரில் சண்டை தொடங்கிவிட்டது. தீவுப் பக்கம் போகிற பாதை எல்லாம் அடைபட்டது. அவள் இங்கே தஞ்சம் கேட்டாள். காவல்துறையில் ஒரு விசாரணை, குடிவரவு அலுவலகத்தில் இன்னொன்று, ஏன் முதலில் நோயாளியைப் பார்க்க என்று வந்தாய் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. ஒரு வருடம் இழுத்து அனுமதி கிடைத்தது. மொழி வகுப்புக்குப் போனாள். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை எடுத்தாள். முதல் மாதத்தில், கோழிக் கறி வேண்டுமா என்று கேட்பதற்குப் பதில் “கோழி உங்களைச் சாப்பிடட்டுமா” என்று ஒரு கிழவரைக் கேட்க, அவர் சிரித்துப் புரைக்கேறி, தாதிமார் ஓடி வந்தார்களாம். அதை அவளே எனக்குச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

தொண்ணூற்றொன்று கடைசியில் இராணுவம் புங்குடுதீவுக்கு வந்தது. சனம் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. தாய் கொக்குவிலில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறா என்று அறிய இரண்டு மாதம் எடுத்தது. யோகன் அந்த நாட்களில் மெலிந்து கறுத்துப் போனார். மெசினுக்கு ஊசி ஏற்றுகிற நரம்பு ஒரு கையில் அடைபட்டு, மற்றக் கையில் வைத்தார்கள்.

வேலை இல்லாத நாட்களில் புவனா அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மெசின் முடியும் வரைக்கும் இருப்பாள். அப்படி ஒரு நாள், தானாகவே சொல்லிவிட்டாள். பொருத்தமில்லாமல் போகவில்லை, நான்தான் ஏலாது எண்டனான் என்று. ஏன் என்றும் சொன்னாள். யோகன் அசைய முடியாமல் ஊசிகளோடு படுத்திருந்தார். மெசினைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்:

“எனக்குச் சின்னக்கா செத்ததெண்டு தந்திதான் வந்தது. பெட்டியோட வந்தது நீ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அதன் பிறகு அவர் வசந்தியிடம், புவனாவை ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்தார். வசந்தி சொல்லவில்லை. ஆனால் அவளோடு ஒரே குசினியில் நின்று சமைக்க வசந்திக்குக் கஷ்டமாக இருந்தது. புவனா வேலைத்தலத்துக்குக் கிட்ட ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச மாதத்தில் அந்த டொக்டரிடம் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. புவனா தானாக வந்து சந்திக்க நேரம் கேட்டிருக்கிறா, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இந்தப் பேச்சை நடத்த மாட்டேன், வாருங்கள் என்றா.

போனேன். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. புவனா தன்னுடைய உடைந்த நோர்வீஜியத்தில் தானே கதைத்தாள். “யாய் வில்” என்றாள். நான் விரும்புகிறேன். டொக்டர் இந்தத் தரம் இன்னும் கடுமையாகக் கேட்டா. யார் சொன்னது? ஒருவரும் இல்லை. தமையன் கேட்டாரா? அவருக்கு நான் வந்தது தெரியாது. இன்னும் பயமா? ஓம், சரியான பயம். அப்படியானால் ஏன்?

அந்த ஒரு பதிலுக்கு மட்டும் தமிழுக்கு வந்தாள்.

“அண்டைக்கு என்னைக் கொண்டுவந்தவை. இண்டைக்கு நான் பஸ் எடுத்து வந்தனான்.”

அதை மொழிபெயர்த்தேன். டொக்டர் அதைத் திருப்பி ஒரு தரம் சொல்லச் சொன்னா. பிறகு, சத்திரசிகிச்சை நாள் காலையில்கூட மாறலாம், மயக்க மருந்து கொடுக்கிறவரை முதலே சந்திக்கலாம், அவரிடம் எதையும் கேட்கலாம் என்றா. புவனா அந்த மயக்க மருந்து டொக்டரை இரண்டு தரம் போய்ச் சந்தித்தாள். எத்தனை பேர் எழும்பவில்லை என்று கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

யோகன் மாட்டேன் என்றார். பயந்துகொண்டு தருவதைத் தான் வாங்க மாட்டேன் என்று இரண்டு மாதம் பிடிவாதம். கடைசியில், புவனாவின் சம்மதத்தோடு, அவளைக் கண்ட அதே டொக்டர் அவரையும் தனியக் கூப்பிட்டா. பயம் வேறு, விருப்பமின்மை வேறு, உங்கள் தங்கச்சிக்கு இரண்டினதும் வித்தியாசம் தெரியும், ஒரு தரம் எங்களுக்குக் காட்டியும் இருக்கிறா என்றா. நான் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று யோகன் கேட்டார்.

“நீங்கள் பொருத்தமில்லை என்று அவவுக்குச் சொல்லுவேன்.”

யோகன் சிரித்துவிட்டார். ஒரு நாள் யோசிக்கத் தாங்கோ என்றார். அடுத்த நாள் சம்மதித்தார்.

7

தொண்ணூற்றுமூன்று வசந்தத்தில் செய்தார்கள். பனி உருகி ரோட்டெல்லாம் சேறாகக் கிடந்தது. வசந்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். புவனாவைத்தான் முதலில் வெளியில் கொண்டு வந்தார்கள். கண் திறந்து, வாய் காயுது, தேத்தண்ணி வேணும் என்றாள். தர ஏலாது என்று தாதி சொல்ல, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் கண்ணை மூடினாள். வசந்தி எழும்பிப் போய் அவளுடைய காலைத் தொட்டுக்கொண்டு நின்றாள். சூடாக இருக்கிறதோ என்று பார்க்கிற மாதிரி, கன நேரம். யோகனுக்கு வைத்த சிறுநீரகம் சத்திரசிகிச்சை மேசையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

திரும்பி வந்து வாங்கில் இருந்த வசந்தி, “நீங்கள் எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானே இருந்தனீங்கள்” என்றாள்.

“ஓம்.”

“ஒண்டரை வருசத்துக்கு மேல. வாய் உளையேல்லையோ உங்களுக்கு?”

உளைந்தது என்றேன். பிறகு இருவரும் கோப்பி குடிக்கக் கீழே போனோம்.

8

அதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருடம் புவனா, தன்னோடு அந்த முதியோர் இல்லக் குசினியில் வேலை செய்கிற சிலி நாட்டுக்காரரைக் கட்டப் போகிறேன் என்று சொன்னாள். அவரும் எங்களைப் போல அகதியாக வந்தவர். அமைதியான மனிசன். இரண்டு பேரும் தங்களுக்குள் உடைந்த நோர்வீஜியத்தில்தான் கதைப்பார்கள்.

யோகன் முழு எதிர்ப்பு. தாய் கொக்குவிலில் இருந்து எழுதுகிற கடிதங்களில் எல்லாம் மாப்பிள்ளைமாரின் விபரம் வந்துகொண்டிருக்கிறது, இது அவவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஊரில் என்ன சொல்லுவினம் என்று எங்கள் வீட்டில் வந்து இருந்து பொரிந்தார். புவனாவும் லேசில் விடுகிற ஆள் இல்லை. தமையனுக்கு முன்னால் நின்று, இது என்ர அலுவல் என்றாள். இரண்டு பேரும் மூன்று மாதம் கதைக்கவில்லை. அவ்வளவு சண்டையிலும் தான் கொடுத்ததைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் முந்தி அனுப்பின காசில்தான் வீடு நடந்தது என்று அவரும் சொல்லவில்லை.

சொன்னது வசந்திதான். எங்கள் வீட்டில், எங்களுக்கு முன்னால் வைத்து, பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டாள்.

“அவள் தந்ததை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு அவளுக்கு மாட்டன் எண்டு சொல்ல உங்களுக்கு என்ன முகம் இருக்கு?”

என் கணவர் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். யோகன் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார்.

“அது வேற, இது வேற வசந்தி. அதுக்காக நான் இதுக்கு ஓம் எண்டு சொல்லோணும் எண்டால், அவள் எனக்கு அதைத் தரேல்லை, வித்ததாப் போயிடும். அவள் விக்கேல்லை.”

உறுப்பை விற்கவோ வாங்கவோ கூடாது, அதற்குக் கைமாறு எதுவும் இருக்கக் கூடாது என்று நான் வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விளக்கங்கள், எடுத்துக்காட்டுகள் எல்லாம் வைத்திருக்கிறேன். மீன் வெட்டிய இந்த மனிசன் ஒரு வாக்கியத்தில் சொன்ன அளவுக்கு எனக்கு அது விளங்கியிருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

கலியாணத்துக்கு யோகன் வந்தார். கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் இருந்தார். மாப்பிள்ளை கை கொடுக்க, கை கொடுத்தார். இந்தக் கலியாணம் பிழை என்று இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்லுகிறார், புவனாவின் முகத்துக்கு நேரேயும் சொல்லுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு அவருக்கு அவள் வீட்டில்தான். சிலிக்காரர் சமைக்கிறார். உப்பு கூட என்று யோகன் குறை சொல்லுகிறார், புவனா தட்டைத் திரும்ப இழுக்கிறாள், அவர் விடுவதில்லை.